வெந்நீர் ஊற்றுகள் கட்டும் படித்தளங்கள்: பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெள்ளைத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் வெளிர்நீல நீர். ஒன்று நிரம்பி அடுத்ததில் வழிகிறது. துருக்கியின் பாமுக்கலே படத்தை எங்காவது ஒருமுறை பார்த்திருப்பீர்கள். நேரில் போகிறவர்களில் பெரும்பாலோர் கால் நனைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரோ அதன் நீலமோ அல்ல, தொட்டியின் விளிம்பு. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் இந்தத் தொட்டிக்கு விளிம்பு. வயல் வரப்பை மனிதர்கள் வெட்டிப் போடுகிறார்கள். இந்த வரப்பை நீரே தனக்குக் கட்டிக்கொள்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதை வரப்பு என்றே சொல்கிறேன்.

போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், அங்கே நின்று எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நீர் எப்படிக் கல்லாகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. எரிமலை வெப்பமோ நிலப்பிளவுகளோ உள்ள இடங்களில், ஆழத்துப் பாறைகளிலிருந்து வரும் வாயுவும் அதோடு சேர்கிறது. இந்த நீர் சுண்ணாம்புப் பாறை வழியே போகும்போது பாறையைக் கரைக்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். வாயுவால் நீரைவிட்டுப் போக முடியாது. வாயு இருக்கும்வரை சுண்ணாம்பும் கரைந்தே இருக்கும்.

ஊற்று தரைக்கு மேலே வந்ததும் அழுத்தம் விடுபடுகிறது. வாயு வெளியேறுகிறது, நீரின் அமிலத்தன்மை குறைகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அப்படிப் படிந்த கல்தான் டிராவெர்டைன்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை விட்டுவிட வேண்டும். முதலாவது, நீர் ஆவியாகி மிச்சம் படிவதால்தான் இந்தப் படிகள் உருவாகின்றன என்பது. சுண்ணாம்புப் படிகளில் ஆவியாதலுக்குப் பங்கு குறைவு. வாயு வெளியேறுவதுதான் முக்கியக் காரணம். நீர் தெறித்தாலும் கலங்கினாலும் மெல்லிய படலமாக ஓடினாலும் வாயு வேகமாகப் போகும், கல்லும் வேகமாகப் படியும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்கே காணும் வடிவங்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, சூடு இருந்தால்தான் படி உருவாகும் என்பது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள ஹுவாங்லோங் பள்ளத்தாக்கில் 3,000 மீட்டருக்கும் மேலே, கை வைத்தால் சில்லென்று இருக்கும் நீரில், நூற்றுக்கணக்கான குளங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கும் ஆழத்திலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடுதான் வேலை செய்கிறது. நீரைச் சூடாக்கும் அதே நிலவியல் பெரும்பாலும் வாயுவையும் தருகிறது. அதனால்தான் வெந்நீரும் படிகளும் பல இடங்களில் சேர்ந்தே இருக்கின்றன.

படி 2: சுண்ணாம்பா, சிலிக்காவா?

தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. சுண்ணாம்பு சூடான நீரில் குறைவாகவே கரையும். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் சிலிக்கா அதற்கு நேர்மாறு: கொதிநீரில் நன்றாகக் கரையும், நீர் குளிரும்போதும் ஆவியாகும்போதும் படியும். எனவே பக்கத்தில் வெந்நீர் பீச்சும் ஊற்றுகள் இருந்து, நீர் கொதிநிலைக்கு அருகில் இருந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிலிக்காப் படிவு. வரப்புகள் தாழ்வாக, மெல்லியதாக, கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கும். வளர்ச்சியும் மெதுவாகவே இருக்கும். நியூசிலாந்தின் ஒராக்கெய் கொராக்கோவும் வையோட்டாப்புவும் இதற்கு நல்ல உதாரணங்கள்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றவை நியூசிலாந்தின் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்த வெள்ளை, இளஞ்சிவப்புப் படித்தளங்கள். மாவோரி மொழியில் தே தராத்தா, ஓத்துகாபுவாரங்கி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தார்கள். துஹொராங்கி என்ற மாவோரி இனக்குழுவினர் படகோட்டி வழிகாட்டினார்கள். 1886 ஜூன் 10 அதிகாலையில் தரவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள். ஏரிப் படுகையே வெடித்துப் பள்ளமானது. பின்னர் அதில் முன்பைவிடப் பெரிய ஏரி நிரம்பியது. 2011-ல் ஏரியடியை ஆராய்ந்த குழு படித்தளங்களின் சில பகுதிகள் எஞ்சியிருப்பதாக அறிவித்தது. வேறு சில ஆய்வாளர்கள், எஞ்சியவை கரையில் சாம்பலுக்கடியில் இருக்கலாம் என்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சுண்ணாம்பையும் சிலிக்காவையும் பிரித்தறிய வினிகரைச் சொட்டி நுரைக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகச் சோதனை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அதைச் செய்யாதீர்கள். நீரின் சூட்டையும் சுற்றுப்புறத்தையும் வைத்தே சொல்லிவிடலாம்.

படி 3: உங்கள் நோக்கத்துக்கேற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காலை நனைக்க வேண்டும், வரலாறும் வேண்டும் என்றால் பாமுக்கலே. டெனிஸ்லி மாகாணத்தில், சமவெளியைப் பார்த்தபடி ஏறக்குறைய 200 மீட்டர் உயரச் சரிவு. அதன் தலைமேட்டில் ஹியராபொலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். பெர்கமோன் அரசர்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அமைத்த ஊர் அது. நகரும் படிகளும் சேர்ந்து 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அனுமதிக்கப்பட்ட பாதையில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், ஆகவே செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பை எடுத்துப் போங்கள். சில இடங்களில் தரை வழுக்கும், சில இடங்களில் சின்னச் சின்ன முகடுகள் பாதத்தைக் குத்தும். ஊரிலிருந்து ஏறுவதைவிட மேலே உள்ள தெற்கு வாசலில் நுழைந்து நகரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. நீர் ஓடும் திசையிலேயே நீங்களும் நடப்பீர்கள். சரிவு மேற்குப் பக்கம் பார்ப்பதால் மாலை வெயிலில் படம் நன்றாக விழும். நண்பகலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசவைக்கும்.

உருவாகும் முறையைப் பார்க்க வேண்டும் என்றால், என் தேர்வு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள மாமத் வெந்நீர் ஊற்றுகள். இறங்கிக் குளிக்க முடியாது. மரப்பலகைப் பாதையை விட்டு இறங்குவதே சட்டப்படி குற்றம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டினால்தான் அங்கே எல்லாம் தன்போக்கில் நடக்கிறது. வடக்கு வாசல் வழியாக ஆண்டு முழுவதும் காரில் போகலாம்.

ஹுவாங்லோங்குக்குப் போகிறவர்கள் உயரத்தை மறக்கக் கூடாது. மேல் குளங்கள் 3,500 மீட்டரை ஒட்டியுள்ளன. முதல் நாளே ஓடியாடினால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். கம்பிவட வண்டியில் ஏறி, நடந்து இறங்குவதே வழக்கம். குளிர்காலத்தில் பல குளங்கள் வற்றிவிடும். இலையுதிர் காலம்தான் சரியான நேரம்.

இவை தவிர ஈரானின் பாதாப்-இ சூர்த் இரும்பு கலந்த நீரால் ஆரஞ்சு நிறம் கொண்டது. மெக்சிகோவின் ஓவஹாக்கா மாநிலத்து இயெர்வே எல் அகுவாவில் கல்லான அருவி தொங்குகிறது. பழங்காலப் பாசன வாய்க்கால்களின் தடங்களும் உண்டு. இத்தாலியின் சட்டூர்னியாவில் சுமார் 37 டிகிரி நீரில் எந்நேரமும் கூட்டம் குளித்துக்கொண்டிருக்கும். கந்தக வாடை அடிக்கும், வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

படி 4: ஊற்றுக்கண்ணிலிருந்து கீழ்நோக்கி நடங்கள்

எந்த இடமானாலும் முதலில் நீர் வெளிவரும் கண்ணைத் தேடுங்கள். அங்கிருந்து நீரோடு கூடவே இறங்கினால் மாற்றங்கள் வரிசையாகத் தெரியும்.

மாமத்தில் ஊற்றுக்கண்ணில் நீர் 73 டிகிரி வரை இருக்கும். வாயுக் குமிழிகள் மேலே வந்துகொண்டே இருக்கும். அதையடுத்த ஓடையில் வெண்மையான நார்கள் நீரோட்டத்தில் அலைவதைக் காணலாம். அவை அந்தக் கொதிப்பிலும் வாழும் நுண்ணுயிர்களின் இழைகள். அந்த இழைகளின் மேலேயே கல் படிவதால், ஓடை காய்ந்த பிறகும் நார்நாரான கல் அங்கே கிடக்கும். நீர் அன்று எந்தத் திசையில் ஓடியது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இன்னும் கீழே நீர் குளிரக் குளிர நிறம் மாறும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என வரும் பட்டைகள் கனிமத்தால் வந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவை வேறு வேறு வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டங்களின் நிறமிகள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நடக்கிறது: சூடான மேல்பகுதியில் கால்சியம் கார்பனேட் ஊசி ஊசியான அரகோனைட் படிகமாகவும், குளிர்ந்த கீழ்ப்பகுதியில் கால்சைட் படிகமாகவும் படிகிறது. ஒரே பொருள், இரண்டு கட்டமைப்பு.

அசையாத குளங்களில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நீர்ப்பரப்பில் மிக மெல்லிய வெள்ளைத் தகடுகள் மிதந்தால், அதுவும் கல்தான். பரப்பில் வாயு வெளியேறும் இடத்திலேயே படிந்து, எடை கூடும்வரை மிதக்கும், பிறகு அடியில் போய்ச் சேரும். சில இடங்களில் குமிழியைச் சுற்றியே கல் படிந்து, குட்டிக் கல்முட்டைகளாகக் கிடக்கும்.

படி 5: இப்போது வரப்பைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியை எழுதியதே இதற்காகத்தான். குளத்துக்குள் நீர் ஆழமாக, மெதுவாக இருக்கிறது. வரப்பின் மேல் ஏறும்போது அதே நீர் மெல்லிய படலமாகி வேகமெடுக்கிறது. அங்கே வாயு வேகமாகப் போகிறது, கல்லும் வேகமாகப் படிகிறது. ஆக, குளத்தின் அடியைவிட வரப்பு விரைவாக உயர்கிறது. வரப்பு உயர உயரக் குளம் ஆழமாகிறது. முதலில் இருந்தது சரிவில் ஒரு சிறு மேடோ, ஒரு விழுந்த கிளையோ, ஒரு கூழாங்கல்லோ மட்டுமாக இருக்கலாம். நீர் அதன் மேல் ஏறி ஓடியதே போதும்.

சரி, வரப்பு ஏன் இவ்வளவு துல்லியமான மட்டத்தில் இருக்கிறது? ஒரு கொத்தனார் மட்டம் பார்த்துக் கட்டியதுபோலத் தெரியும் இந்தச் சமநிலையை நீர் தானாகவே கொண்டுவருகிறது. வரப்பில் ஓரிடம் தாழ்ந்திருந்தால் நீர் அங்கேதான் அதிகமாக வழியும். அதிகமாக வழிவதால் அங்கே அதிகமாகப் படியும். கொஞ்ச நாளில் அந்த இடம் உயர்ந்து மற்றவற்றோடு சேர்ந்துவிடும். நீர் இப்போது வேறு தாழ்வான இடத்தைத் தேடும். தாழ்வு தன்னைத்தானே திருத்திக்கொள்வதால், வரப்பு எப்போதும் சரிவின் சமமட்டக் கோட்டை ஒட்டியே வளைந்து போகிறது. யாரும் திட்டமிடாமல் ஒழுங்கு பிறக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இயற்கையில் குறைவு. இயற்பியலாளர்கள் கணினியில் இதே விதிகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோதும் இதே படிகள் உருவாகின.

நேரில் கவனிக்க வேண்டியவை இவை. செங்குத்தான இடத்தில் குளங்கள் சிறியவை, நெருக்கமானவை. சாய்வு குறைந்தால் குளங்கள் அகலமாகும். பெரிய வரப்பின் வெளிச்சுவரை உற்றுப் பார்த்தால், அதிலேயே சில மில்லிமீட்டர் உயரக் குட்டி வரப்புகள் வரிசையாக இருக்கும். உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில் மொத்த மலைச்சரிவின் சிறு பிரதி கிடைக்கும். பாமுக்கலேயில் பாதத்தைக் குத்துவதும் இவைதான். சில வரப்புகள் வெளிப்பக்கம் உதடு நீட்டியிருக்கும், அதன் அடியில் கல் விழுதுகள் தொங்கும்.

இன்னொன்று, கொஞ்சம் தேடினால்தான் கிடைக்கும். கீழ்க் குளத்தின் வரப்பு மேல் குளத்தின் வரப்பைவிட வேகமாக வளர்ந்தால், கீழ்க் குளத்து நீர் உயர்ந்து மேல் வரப்பை மூழ்கடித்துவிடும். தெளிந்த குளத்தின் நடுவே நீருக்கடியில் வளைந்து ஓடும் ஒரு சுவர் தெரிந்தால், அது தோற்றுப்போன பழைய வரப்பு.

படி 6: எது உயிரோடு இருக்கிறது?

படித்தளம் நீர் ஓடும்வரைதான் வளரும். ஊற்றுக்கண் அடைத்துக்கொள்வது சகஜம். அடைப்பதும் அதே கல்தான். நீர் நின்றதும் நிறம் தரும் நுண்ணுயிர்கள் இறக்கின்றன, கல் பளீரென்று வெளுக்கிறது, பிறகு காற்றிலும் மழையிலும் சாம்பல் நிறமாகி உதிர்கிறது. ஆக, மாமத்தில் வண்ணமும் ஈரமும் இருந்தால் இப்போது ஓடுகிறது, சுத்த வெள்ளை என்றால் அண்மையில் நின்றது, சாம்பல் என்றால் நின்று நாளாயிற்று.

ஒரு பகுதி காய்ந்திருப்பதைப் பார்த்து "ஊற்றுகள் செத்துக்கொண்டிருக்கின்றன" என்று எழுதுவது பயணக் குறிப்புகளில் வழக்கமாகிவிட்டது. மாமத்தில் மொத்த நீரின் அளவு பெரிதாக மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. அங்குள்ள ஓப்பல் படித்தளத்தின் கதை இதற்குச் சாட்சி. 1926-ல் அங்கே புதிதாக நீர் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடி வரைகூடக் கல் படிந்தது. அது வளர இடம் கொடுக்க 1947-ல் ஒரு டென்னிஸ் மைதானத்தையே அகற்றினார்கள். அதே படித்தளம் அருகில் 1908-ல் கட்டிய ஒரு வரலாற்று வீட்டை நோக்கி நகர்ந்தபோது மட்டும் தடுப்பு போட்டார்கள். எதைக் காப்பது என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் இரண்டு பதில்கள்!

படி 7: ஆபத்துகள்

கல்மேடு கெட்டியாகத் தெரியும். அடியில் வெற்றிடமும் கொதிநீரும் இருக்கலாம். யெல்லோஸ்டோனில் மற்ற எந்த இயற்கை அம்சத்தையும்விட வெந்நீர் ஊற்றுகளே அதிகம் பேரைக் கொன்றோ காயப்படுத்தியோ இருக்கின்றன. பாதையை விட்டு இறங்காதீர்கள், குழந்தைகளைக் கைப்பிடியிலிருந்து விடாதீர்கள்.

குளிக்க அனுமதியுள்ள வெதுவெதுப்பான இயற்கைக் குளங்களில் தலையை முக்காதீர்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கல்லைப் படியவைக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. பள்ளங்களிலும் மூடிய குகைகளிலும் தேங்கும். ஹியராபொலிஸில் பாதாள உலகின் தெய்வமான புளூட்டோவின் வாசல் என்று ஒரு குகைவாய் உண்டு. பூசாரிகள் காளைகளை உள்ளே கொண்டுபோவார்கள். காளைகள் செத்துவிழும், பூசாரிகள் பிழைத்து வெளியே வருவார்கள். பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, தானே சிட்டுக்குருவிகளை உள்ளே எறிந்து பார்த்ததாகவும் அவை உடனே விழுந்து இறந்ததாகவும் எழுதினார். 2018-ல் வெளியான அளவீடுகள் இதற்கு விளக்கம் தந்தன. வாயு தரையை ஒட்டி ஏரிபோலத் தேங்குகிறது, இரவில் கூடுகிறது, வெயில் ஏறினால் கலைகிறது. காளையின் மூக்கு அந்த ஏரிக்குள் இருந்தது; நின்றிருந்த பூசாரியின் மூக்கு அதற்கு மேலே இருந்தது. எனவே வேலி போட்ட குகைவாய்க்குள் குனிந்து எட்டிப்பார்க்காதீர்கள். அழுகிய முட்டை வாடை அடித்து, திடீரென்று அது மறைந்ததுபோல் இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு மூக்கை மரத்துப்போக வைக்கும்.

படி 8: மனிதக் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பாமுக்கலேயில் நீங்கள் நடக்கும் பாதையோரக் குளங்களில் பல, மனிதர்கள் அமைத்தவை. முன்பு சரிவின் மேல் வண்டிப்பாதையே இருந்தது. உச்சியில் விடுதிகள் கட்டி, ஊற்று நீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். படிகள் வறண்டு அழுக்கேறின. பின்னர் விடுதிகளை இடித்து, பாதையைக் குளங்களாக மாற்றி, நீரை வாய்க்கால்கள் வழியாக முறைவைத்து வெவ்வேறு பகுதிகளுக்கு விடத் தொடங்கினார்கள். காய்வதற்கு இடைவெளி கிடைப்பதால் பாசி பிடிக்காமல் வெண்மை நிற்கிறது. ஆக, நீங்கள் போகும் நாளில் ஒரு பகுதி வறண்டு கிடந்தால் ஏமாற வேண்டாம், அன்று அதன் முறை இல்லை.

சிலர் இதைச் செயற்கை என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நீரை எங்கே விடுவது என்பதை மட்டும் மனிதர் முடிவு செய்கிறார். கல்லை அடுக்குவது நீர்தான். ஹங்கேரியின் எகர்சாலோக்கில் 1961-ல் ஆழ்துளை போட்டபோது வெந்நீர் வந்தது. அதைச் சரிவில் ஓட விட்டதில் வெள்ளைப் படிக்கட்டு மலை ஒன்றே உருவாகிவிட்டது. அமெரிக்காவின் நெவாடாவில் வெந்நீர் பீச்சும் ஃப்ளை கீசரும் 1964-ல் தோண்டிய கிணறு ஒன்றின் பிள்ளைதான். ஹியராபொலிஸில் பழைய வாய்க்கால்கள் சிலவற்றைப் பாருங்கள்: கரையோரம் கல் படிந்து படிந்து, வாய்க்காலே ஆள் உயரச் சுவரின் தலைமேல் ஏறி நிற்கிறது. கல்லறை ஒன்றைப் படிவு விழுங்கியிருப்பதையும் அங்கே காணலாம்.

படி 9: நேரில் போக முடியாதவர்களுக்கு

டிராவெர்டைன் உலகம் முழுக்க விற்கப்படும் கட்டடக் கல். ரோமின் கொலோசியம் டிவோலி அருகே வெட்டிய இந்தக் கல்லால் எழுந்தது. விமான நிலையத் தரையிலோ வங்கிச் சுவரிலோ இளம்பழுப்பில் துளைகளோடு ஒரு கல்லைக் கண்டால் அருகில் போங்கள். அடுக்குக்குக் குறுக்கே அறுத்திருந்தால் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு காலத்து நீரோட்டம். அடுக்கோடு சேர்த்து அறுத்திருந்தால் மேகம்போலக் கலங்கிய வடிவம் வரும். துளைகள் வாயுக் குமிழிகளின், மட்கிப்போன செடித் தண்டுகளின் இடங்கள். சில கற்களில் இலைத்தடமும் கிடைக்கும்.

அதைவிடப் பெரியதும் கிடைத்திருக்கிறது. 2002-ல் டெனிஸ்லி பக்கத்துக் கோஜாபாஷில் வெட்டிய டிராவெர்டைனைத் தொழிற்சாலையில் பலகைகளாக அறுத்தபோது, உள்ளே ஹோமோ எரெக்டஸ் இனத்து ஆதிமனித மண்டையோட்டின் துண்டுகள் இருந்தன. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையது என்று பின்னர் கணித்தார்கள். அறுவை ரம்பம் குறுக்கே போய்விட்டதால், பலகையின் கனத்துக்குள் அகப்பட்ட துண்டுகள் மட்டுமே மிஞ்சின.